பின்வருவோர் ஆட்சேபம்

ஆட்சேபம் என்ற சொல்லை என் முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் நான் சந்தோஷமாக எழுதியது ஒரே ஒரு தடவைதான். மற்ற நாளெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வந்துவிடும்.

என் பெயர் இருசப்பன். வெண்ணாவல் ஊராட்சியின் செயலர். மலைமேல் ஐந்து சிற்றூர்கள், நானூற்றுச் சொச்சம் பேர், ஓர் அங்கன்வாடி, ஐந்தாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஓடு மாற்றாத ஓர் அலுவலகம். இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். கீழே ஆத்துமேடு பேரூர். இரண்டுக்கும் நடுவில் முறிகால் ஓடை. கோடையில் அந்த ஓடையைத் தாண்டச் செருப்பைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் ஆளையே அடித்துக்கொண்டு போகும். இது 2061. மருந்து பறந்து வருகிறது, தபால் பறந்து வருகிறது. மழைக்காற்றில் மனிதரைப் பறக்கவிட மட்டும் இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஆகவே எங்கள் முப்பத்தைந்து வருடத் திட்டத்தில் நாற்பது பக்கம் எழுதியிருந்தாலும் ஊர் கேட்டது ஒன்றே ஒன்று. ஓடைக்கு ஒரு பாலம்.

திட்டத்துக்கு இப்போதெல்லாம் நாம் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. சட்டம் வந்து ஒன்பது வருடமாகிறது. இரண்டு சபை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று இன்றைக்கு இருக்கிற கிராம சபை. இன்னொன்று, முப்பத்தைந்து வருடம் கழித்து அதே ஊரில் இருக்கப்போகிறவர்களின் சபை. அவர்களில் பாதிப்பேர் இன்னும் பிறக்கவே இல்லையே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஒரு பெட்டி. பிறப்பு, இறப்பு, கல்யாணம், மழை, விளைச்சல், யார் ஊரைவிட்டுப் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று எல்லா ஏடுகளையும் அதற்குத் தின்னக் கொடுப்பார்கள். தின்றுவிட்டு, 2096-ல் இங்கே யார் யார் இருக்கக்கூடும் என்று அது ஆட்களை உண்டாக்கும். அவர்கள் நம் ஊர்ப் பேச்சே பேசுவார்கள். கேட்டால் பதில் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் குறை சொல்வார்கள். சட்டத்தில் அவர்களுக்குப் பின்வருவோர் என்று பெயர். எங்கள் ஊரில் அது பொறக்காதவங்க பொட்டி.

பக்கத்து மலை ஊராட்சியில் போன வருடம் பெட்டியைத் திறந்தார்கள். சமுதாயக் கூடம் கட்டலாமா என்று தலைவர் கேட்டார். பின்வருவோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஏரிக்கரைப் புளியமரங்களை எவன் வெட்டினான் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். வெட்டியதே அந்தத் தலைவர்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்ததைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம். நாம்தான் மரம் வெட்டவில்லையே, நமக்கென்ன பயம் என்று எனக்கு ஒரே தெம்பு.

மே முதல் தேதி எங்கள் சபை. பள்ளிக்கூட வராந்தாவில் ஊரே உட்கார்ந்திருந்தது. மாவட்டத் திட்டக் குழுவிலிருந்து மெகருன்னிசா என்ற அதிகாரி வந்திருந்தார். ஆம்பூர்ப் பெண், முப்பது வயதிருக்கும், ஓடைக்கல்லில் வழுக்கி விழுந்து ஒரு முழங்கை சிராய்த்திருந்தது. எவர்சில்வர் தூக்கு அளவில் இருந்த பெட்டியை மேசைமேல் வைத்து, திட்டத்தை அதற்குப் படித்துக் காட்டினார். பிறகு, "2096 வெண்ணாவல் சபையோர் பேசலாம்" என்றார்.

யாரும் பேசவில்லை.

அவர் இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"என்னா மேடம், சார்ஜ் இல்லீங்களா?" என்று கேட்டாள் தலைவர் பூங்காவனம்.

"பெட்டி நல்லாத்தாங்க இருக்கு."

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

மெகருன்னிசா திரையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சொன்னார்: "தொறக்கறதுக்கு ஆளு இல்லீங்க. 2096-ல இந்த ஊர்ல யாரும் இருக்க மாட்டாங்கன்னு கணக்கு வருது."

அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் அவரே சொன்னார். பாவம், சொல்லும்போது எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பின்வருவோர் இல்லாத ஊராட்சி ஒடுங்கும் ஊராட்சி. ஒடுங்கும் ஊராட்சிக்குப் பாலம் கிடையாது, ரோடு கிடையாது, பள்ளிக்கூடத்துக்குப் புது வகுப்பு கிடையாது. பத்து வருடத்துக்குள் எல்லோரையும் ஆத்துமேட்டு அடுக்குமாடிக்கு இறக்கிவிட்டு ஊரை மூடிவிடுவார்கள். ஏட்டில் பிழை இருந்தால் திருத்தி, ஆகஸ்ட் பதினைந்து சபையில் இன்னொரு முறை பெட்டியைத் திறக்கலாம். அதோடு சரி.

கடைசி வரிசையிலிருந்து வெள்ளையன் மட்டும் எழுந்தார். "போன வாரம்தான் தாயி பலாக்கன்னு நட்டேன். காய்க்க ஏழெட்டு வருசம் ஆவும். தண்ணி ஊத்தறதா, விட்டுடறதா? அத மட்டும் சொல்லிடு."

"ஊத்துங்க" என்றார் மெகருன்னிசா. அந்தக் குரலில் அவருக்கே நம்பிக்கையில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு அவரை அலுவலகத்துக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தேன். பக்கத்து அங்கன்வாடியில் பிள்ளைகள் பாட்டு என்ற பெயரில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் என் ஏடுகளைத் திரையில் புரட்டிக்கொண்டே வந்தார்.

"சார், உங்க இறப்பு ஏடு மாதிரி சுத்தமான ஏட்ட நான் எங்கயும் பாத்ததில்ல."

"நம்ம வேல அப்படிங்க" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

"ஆனா 2035-லருந்து ஒரு பிறப்புகூட இல்ல. இருபத்தாறு வருஷத்துல ஒண்ணுகூட." அவர் கை நின்றது. தலையைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் காதைக் கொடுத்தார். "அப்போ அங்க கத்தறது யாரு சார்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. கையிலிருந்த டீயைக் குடிக்கவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

2034 ஐப்பசியில் பூங்காவனத்தின் தங்கை மல்லிகா நிறைமாதமாக இருந்தாள். விடிகாலையில் வலி கண்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினோம். நானும் ஒரு கால் பிடித்தேன். தண்ணீர் இடுப்புக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரைக்கும் கரையிலேயே காத்திருந்தோம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்: தண்ணி எறங்கிடுச்சா, தண்ணி எறங்கிடுச்சா. அது இறங்கியபோது அவள் இல்லை, பிள்ளையும் இல்லை.

அதற்குப் பிறகு ஊரே கூடி ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு, கைவளையல் குலுங்கக் குலுங்கப் பெண்ணை ஆத்துமேட்டுக்கு இறக்கிவிடுவோம். அங்கே புதுத்தெருவில் ஊர்ப் பொதுவில் ஒரு வீடு எடுத்திருக்கிறோம். ஏழாம் மாச வீடு என்று பெயர். கதவு எண் பதினாலு. பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்துத்தான் மேலே வருவார்கள். அந்த வழக்கம் வந்த பிறகு ஓடைக்கு நாங்கள் ஒரு பெண்ணைக்கூடக் கொடுக்கவில்லை.

அதுவரைக்கும் நல்லதுதான். அதற்குமேல்தான் என் புத்திசாலித்தனம். பிறப்பைப் பதியும்போது தாய் எங்கே குடியிருக்கிறாள் என்று ஒரு கட்டம் வரும். வெண்ணாவல் என்று எழுதினால் காகிதம் எனக்கு வரும், நான் சரிபார்த்து அனுப்ப வேண்டும், அலைச்சல். பதினாலாம் எண்ணை எழுதினால் ஆஸ்பத்திரியிலேயே அன்றைக்கே சான்றிதழ். கூடவே, ஆத்துமேட்டு மாதிரிப் பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளை என்று சீட்டும் கிடைக்கும். "பதினாலுன்னே எழுதுங்க" என்று வீட்டுக்கு வீடு சொல்லி வைத்தவன் நான். முதலில் எழுதியதும் நான்தான், என் மகள் கனிஷ்காவுக்கு. அங்கே தொடங்கிய முகவரி ஆதார், ரேஷன், ஓட்டு என்று பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தது. இன்றைய தேதியில் இரண்டே அறையுள்ள அந்த வீட்டில் நூற்று நாற்பத்தேழு பேர் குடியிருக்கிறார்கள். மக்கள்தொகை எடுக்க வருகிறவரும் ஓடையைப் பார்த்ததும் அக்கரையிலேயே உட்கார்ந்து போனில் கேட்டுக்கொண்டு போய்விடுவார். செத்தவர்களை மட்டும் நான் ஒருத்தர் விடாமல் இந்த ஊரில் எழுதினேன். பெட்டி என்ன செய்யும், பாவம்.

எல்லாவற்றையும் சொன்னேன். மெகருன்னிசா திட்டுவார் என்று பார்த்தேன். அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் ஆத்துமேட்டு சபைக்குப் போயிருந்தேன் சார். அங்க பின்வருவோர்ல கொஞ்சம் பேரு உங்க பேச்சு பேசினாங்க. என்ன கேட்டாலும் பதிலே இல்ல. ஓடையில தண்ணி எறங்கிடுச்சான்னே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பேரூர் நடுவுல ஏது ஓடை, பெட்டியில ஏதோ கோளாறுன்னு எழுதி வச்சிட்டு வந்தேன்."

கரையில் மல்லிகா கேட்ட அதே கேள்வி.

பூங்காவனத்திடம் சொல்லாமல் இருக்க முடியாது. மறுநாள் அவள் வீட்டுக் களத்தில் கடுக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். ஆத்துமேட்டுப் பெட்டி கேட்டதையும் சொன்னேன். கடுக்காயைப் பரப்பிய கை அப்படியே நின்றுவிட்டது.

"பாலம் இல்லாததால புள்ள இங்க பொறக்கல" என்றாள் கடைசியில். "புள்ள இங்க பொறக்காததால பாலம் இல்ல. கல்யாணம் ஆனா பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்ங்கற கதையா இருக்குது."

"தப்பு என்னுதும்மா."

"உன்னுதுதாண்ணா. இல்லன்னு சொல்லல. எம் பேரப்புள்ளைங்க மூணும்கூட பதினாலுலதான் இருக்குது, நீ சொல்லி நான்தான் எழுதுனேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவங்கள அக்கரையில நிக்க வச்சிட்டமே அண்ணா. இங்க கூட்டியாறதுக்கு வழிய பாரு."

வழி ஒன்றுதான் இருந்தது. பெற்றோர் ஒவ்வொருவரும் வந்து, என் பிள்ளை வெண்ணாவலில் குடியிருக்கிறது என்று கைரேகை வைத்துத் திருத்த வேண்டும். திருத்தினால் அந்தப் பிள்ளை மலைப் பட்டியலுக்கு வந்துவிடும். மாதிரிப் பள்ளிச் சீட்டுப் போய்விடும். என்னைப்போல் ஓரிருவர் தவிர ஐந்தாவதோடு நின்றுபோன என் தலைமுறை எப்படி இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருத்தாமல் நானாகவே பத்துப் பிறப்பை ஏட்டில் ஏற்றிவிடலாமா என்றுகூட ஒரு மத்தியானம் பேனாவை எடுத்தேன். பொய்ப் பிள்ளைகளைக் காட்டிப் பாலம் வாங்கினால், நிஜப் பிள்ளைகள் இன்னும் பதினாலாம் எண்ணில்தானே இருப்பார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

என் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஜூன் மாதம் கனிஷ்காவிடம் போனேன். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். மகள் இனியாவுக்கு ஆறு வயது, மாதிரிப் பள்ளியில் அப்போதுதான் ஒன்றாவது. வயிற்றில் அடுத்தது ஐந்து மாதம். இனியாவுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டே பேசினாள்.

"ஸ்கூல் ஜீப்பு வந்துடும்ப்பா. சீக்கிரம் சொல்லு."

சொன்னேன்.

"மாத்துனா சீட்டு போயிடும். அதானே?"

"ஆமா."

"அது போவக் கூடாதுன்னுதானே எங்க எல்லாரையும் பதினாலுல எழுதுன. இப்ப நீயே வந்து விடுன்னு சொல்ற."

"பாலம் வந்துட்டா..."

"வருமா, வரலாமா?"

பெற்ற மகளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "வரலாம்" என்றேன்.

"அப்போ வரட்டும்ப்பா, அப்புறம் பாக்கலாம்." ரிப்பனை இழுத்து முடிந்தாள். "எனக்கு மட்டும் ஊரு மேல ஆச இல்லன்னு நெனைக்காத. எம் புள்ளையப் பணயமா வச்சு என்னால ஆட முடியாது."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் வேதனையாக இருந்தது. அடுத்த ஒன்றரை மாதம் ஐந்து சிற்றூருக்கும் நடந்தேன். எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "உங்க பொண்ணு மாத்திடுச்சுங்களா?" நான் மோரைக் குடித்துவிட்டு எழுந்து வருவேன். ஆடி முடியும் தறுவாயிலும் நான் சுமந்துபோன திருத்தப் படிவக் கட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து. கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடித்துச் சபை கூடியது. மெகருன்னிசா பெட்டியோடு வந்திருந்தார். இந்தத் தடவை வழுக்காமல் வந்தார், கல்லெல்லாம் பழகிவிட்டது. கனிஷ்கா முன்வரிசையில் பெஞ்சில் இருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்திருந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை.

தலைவர் கண்ணைக் காட்டினாள். நான் எழுந்தேன். சபையில் தீர்மானம் படிக்கத்தான் எனக்குப் பழக்கம், சொந்தமாகப் பேசிப் பழக்கமில்லை. "இந்த ஊருல ஆளே இருக்க மாட்டாங்கன்னு பொட்டி சொன்னதுக்குக் காரணம் நான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம், அலைச்சல், என் சோம்பேறித்தனம் எதையும் மறைக்கவில்லை. "புள்ளைங்க சீட்ட விடுங்கன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. வேற வழியும் எனக்குத் தெரியல" என்று முடித்து உட்கார்ந்தேன்.

மெகருன்னிசா கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். அப்போது கனிஷ்கா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"மேடம், எனக்கொரு சந்தேகம். பதினாலாம் நம்பர் வீட்டுல மொதல்ல எழுதுன பேரு யாரோடது?"

மெகருன்னிசா திரையில் தேடினார். "கனிஷ்கா. தகப்பனார் பேரு இருசப்பன். 2035."

"அது நான்தாங்க. எனக்கு இருபத்தாறு ஆவுது. என் முகவரிய மாத்த எங்கப்பா கைரேக வேணுமா?"

"வேணாங்க. பதினெட்டுக்கு மேலன்னா நீங்களே வைக்கலாம்."

"வச்சா பெட்டி ஒத்துக்குமா?"

மெகருன்னிசா விதிப்புத்தகத்தைத் திறந்தார். அவர் உதடு அசைந்தது, விரல் வரி வரியாக இறங்கியது. "இதுவரைக்கும் பெரியவங்க யாரும் கேட்டதில்ல" என்றார். "ஆனா தடை ஒண்ணும் இல்ல. இங்க பொறந்து வளந்து இங்கயே தங்கினவங்கன்னு கணக்குல ஏறும். சின்னப் புள்ளைங்க பேர விட அதுக்குக் கனம் ஜாஸ்தி. இருக்கறாங்கன்னு ஏற்கெனவே நிரூபிச்சவங்க இல்லீங்களா."

"எனக்கு ஒண்ணாவது சீட்டு ஒண்ணும் போயிடாதே?" என்று கேட்டாள் கனிஷ்கா.

யாரோ சிரித்தார்கள். மூன்று மாதத்தில் அந்த வராந்தாவில் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறப்பு என்றால் தொட்டில் பிள்ளை என்றே எனக்குப் பழகிப்போயிருந்தது. என்னுடைய ஏட்டில் இல்லாத முதல் பிறப்பு ஆறடி தள்ளி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, எனக்குத் தெரியவில்லை.

"இனியா பேரு அங்கயே இருக்கட்டும். அவ படிச்சு முடிச்சுட்டு அவளே முடிவு பண்ணிக்கட்டும்" என்றபடி கனிஷ்கா கட்டைவிரலை வைத்தாள். "வயித்துல இருக்கறத எப்படிங்க?"

"எங்க பெத்தாலும் சரி, குடியிருக்கற ஊருன்னு கேக்கற கட்டத்துல வெண்ணாவல்னு எழுதுங்க. அவ்வளவுதான்."

"சான்றிதழ் லேட்டாவும்" என்றேன் நான், பழக்க தோஷத்தில்.

"ஆவட்டும்ப்பா."

அதற்குப் பிறகு வரிசை நின்றது. பதினெட்டு வயது முடிந்தவர்கள், முடிந்து ஒரு வாரமானவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். மேல் சிற்றூரில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் போன் பறந்தது, மண் கையோடு ஓடி வந்தார்கள். கை கழுவினால்தான் ரேகை விழும் என்று மெகருன்னிசா விரட்ட, பள்ளிக்கூடக் குழாயடியில் ஒரு தனி வரிசை. மொத்தம் நாற்பத்துநான்கு பேர். இத்தனை வருடமாகச் சட்டப்படி இவர்கள் யாரும் இந்த ஊர்க்காரர்களே இல்லை. அத்தனை சபையிலும் வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர்கள்.

பெட்டி புதுக் கணக்கைத் தின்ன அரை மணி நேரம் ஆகும் என்றார் மெகருன்னிசா. "இது போதுமான்னு எனக்குத் தெரியாது. முன்கூட்டியே சொல்லிடறேன்." அந்த அரை மணி நேரம் நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

விளக்கு பச்சைக்கு வந்தது. மெகருன்னிசா திட்டத்தைப் படித்தார். "2096 வெண்ணாவல் சபையோர் பேசலாம்."

ஒரு நொடி. இரண்டு நொடி. கனிஷ்காவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"வணக்கமுங்க" என்றது பெட்டி. நடுவயதுப் பெண் குரல், எங்கள் ஊர் இழுப்பு அப்படியே. "திட்டத்தக் கேட்டோம். எங்களால ஒத்துக்க முடியாது."

நான் தீர்மான ஏட்டை மூடினேன்.

"ஏங்க?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"பாலம் ஒடுக்கமா இருக்குதுங்க. எதுத்தாப்புல ஒரு வண்டி வந்தா இன்னொண்ணு பின்னாலயே போவணும். நடக்கறவங்க எங்க ஒதுங்குவாங்க? ஊருல இத்தன பேரு இருக்கோம்னு நெனச்சுப் பாக்கலையா நீங்க?"

கடைசி வரிசையில் வெள்ளையன்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக. கொஞ்ச நேரத்தில் வராந்தா முழுக்கச் சிரிப்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பு. பிறக்காதவர்களிடம் இப்படித் திட்டு வாங்குவதற்கு எங்களுக்குக் கொடுத்து வைத்திருந்தது. மெகருன்னிசாவும் அதிகாரி என்பதை மறந்துவிட்டுச் சிரித்தார். "அப்போ பலாவுக்குத் தண்ணி ஊத்தலாம்" என்று வெள்ளையன் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார்.

"ஏன் சிரிக்கறீங்க?" என்று கேட்டது பெட்டி, கோபமாக.

பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மேசைக்கு அருகில் போனாள். "கோச்சுக்காத தாயி. நான் இப்பத் தலைவரு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஐப்பசியில ஓடையில தண்ணி வந்தா மாசமா இருக்கற பொண்ணுங்கள என்னா செய்வீங்க?"

"எந்த ஓடைங்க?"

"முறிகால் ஓடை."

உள்ளே அந்தப் பெண் பக்கத்தில் யாரிடமோ விசாரிப்பதுபோல் ஒரு சின்ன இடைவெளி. பிறகு குரல் வந்தது. "பாலத்துக்குக் கீழ ஓடுதே, அதுங்களா? அதுக்கு என்னாங்க?"

பூங்காவனம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தேழு வருடமாக அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அப்போது இறங்கியதை நான் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல தாயி" என்றாள். "ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

திரும்பி வந்து கனிஷ்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. தீர்மான ஏட்டைத் திறந்து, பின்வருவோர் ஆட்சேபம் என்று தலைப்பு எழுதி, அடியில் கோடு போட்டேன். பாலத்தின் அகலம் போதாது என்று எழுதினேன்.

"எத்தன அடி வேணும்னு கேட்டு எழுதுண்ணா" என்றாள் பூங்காவனம், முந்தானைக்கு உள்ளிருந்தே.

கேட்டேன். இருபத்துநான்கு அடி என்றது அந்தப் பெண் குரல். இருபத்தெட்டு இல்லாவிட்டால் வைக்கோல் வண்டி போகாது என்றது ஓர் ஆண் குரல். யார் இப்போதெல்லாம் வைக்கோல் ஏற்றுகிறார்கள் என்று மூன்றாவதாக ஒருத்தி கிளம்பினாள். உள்ளே சண்டை சூடு பிடித்தது. ஆளுக்கு ஆள் பேச, யார் பேசுவது என்றே தெரியவில்லை.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். அவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.